டிரைவர் பொம்மை

"கரி நிஜம், புகை நிஜம், விசில் நிஜம்" என்றார் மேனேஜர். தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி அவர் போட்ட தண்டவாளத்தில், முழங்கால் உயர நீராவி எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

கடையில் வாங்கியதுதான். அதன் பளபளப்பைச் சுரண்டிவிட்டு, துருவும் எண்ணெய்க் கறையும் பார்த்துப் பார்த்துப் பூசி, காலமெல்லாம் உழைத்துத் தேய்ந்ததுபோல் மாற்றியிருந்தார்.

"உள்ளே டிரைவர் பொம்மையைப் பாருங்க. எங்கப்பா! அவரோட இளவயசு போட்டோவைப் பார்த்து நானே செஞ்சேன். நிஜ எஞ்சின் ஓட்டின மனுஷர்." குரல் தேவையான அளவுக்கு மட்டும் தழுதழுத்தது.

பார்க்க வந்த ரயில் கிளப் செயலாளரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் இருந்து இதைப் பார்த்திருக்கணும்!"

மேனேஜர் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தண்ணீர்க் கேனோடு நின்ற பெரியவர் மெல்ல ரிமோட்டுக்குக் கை நீட்டினார். "ஒரே ஒரு சுத்து..."

"எத்தனை தடவை சொல்றது? உங்களுக்குக் கை நடுங்குது, கவுத்துடுவீங்க. பாய்லருக்குத் தண்ணி ஊத்துங்க, போதும்."

போன் அடிக்கவே மேனேஜர் உள்ளே போனார். செயலாளரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க ரொம்ப நாளா வேலை பார்க்கறீங்களாய்யா? சாரோட அப்பாவை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பெரியவர் குனிந்து எஞ்சினுக்குள் சுட்டிக் காட்டினார்.

"அது நான்தாம்மா. அதுக்குக் கை நடுங்காது பாருங்க, அதான் அதை மட்டும் ஓட்ட விடறான்."