கை வலிக்காத மட்டை

"அவளுக்குக் கை வலிக்கக் கூடாது. பந்தும் கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த மாதிரி ஒரு டென்னிஸ் மட்டை வேணும்."

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் டென்னிஸ் மட்டைக்கு ஸ்ட்ரிங் கட்டுகிற கடை அது ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இறுக்கிக் கட்டினால் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் அடிக்கிற அடியெல்லாம் முழங்கையில் வந்து இறங்கும். தளர்த்திக் கட்டினால் கை தப்பிக்கும், பந்து தறிகெட்டுப் பறக்கும். ஏதாவது ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள்.

"அப்படின்னா கைதான் மேடம்," என்றார் வந்தவர். நரைக்கத் தொடங்கியிருந்த மனிதர். "பந்து எங்க வேணா போகட்டும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரம்மா அசந்துபோனாள். அவளுக்கு உள்ளங்கை சின்னதாம், கைப்பிடி பருமனாக இருந்தால் விரல் மரத்துப்போகும். பேக்ஹேண்ட் அடிக்கும்போது எப்போதும் கொஞ்சம் பிந்துவாள், அதனால் மட்டையின் தலை கனக்கக் கூடாது. வலி முழங்கையின் வெளிப்பக்கம்தான் ஆரம்பிக்கும், வந்துவிட்டால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. கடைக்காரம்மாவின் வீட்டிலும்தான் ஒரு மகராசன் இருக்கிறார். மனைவி இடக்கைக்காரி என்பதாவது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

"வீட்டம்மா குடுத்து வச்சவங்க சார்," என்றாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பழைய மட்டையையும் அவர்தான் வாங்கிக் கொடுத்தாராம். விறைப்பான மட்டை, ஸ்ட்ரிங்கையும் இறுக்கிக் கட்டச் சொன்னாராம். ஜோடியாக ஆடும்போது அவள் அடித்த பந்து வெளியே போய்த் தோற்கிறோமே என்ற ஆத்திரம். கை வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், ஒழுங்காக அடித்தால் ஏன் வலிக்கப்போகிறது என்று வாயை அடைத்திருக்கிறார். ஒரு நாள் காபிக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்கும் எரிந்து விழுந்தார். அன்றோடு அவள் மட்டையைத் தொடவில்லை.

"இப்ப மறுபடி ஆடணும்னு ஆசைப்படறா," என்றார். "அந்த ஆசையும் கெட்டுப்போயிடக் கூடாது. அவ்வளவுதான்."

கடைக்காரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. கடையையே புரட்டிப் போட்டு, எடை குறைந்த, வளைந்து கொடுக்கிற மட்டை ஒன்றைத் தேடி எடுத்தாள். இருப்பதிலேயே மிருதுவான ஸ்ட்ரிங்கைப் போட்டுத் தளர்வாகக் கட்டி வைப்பதாகச் சொன்னாள். அவர் வாங்கி வீசிப் பார்த்தார். அவள் கைக்கு இது ஒத்துக்கொள்ளும் என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் ரெடியாயிடும் சார். அவங்களையும் கையோட கூட்டிட்டு வாங்க, பிடிச்சுப் பாக்கட்டும்."

"நாளைக்கு வருவா மேடம், எங்க பொண்ணு போன்ல சொன்னா." அவர் மட்டையை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "இப்ப இருக்கிற வீட்டுக்காரரோட வருவா. நீங்களே பாத்து எடுத்த மாதிரி குடுங்க. நான் சொன்னதுன்னு தெரிஞ்சா தொடமாட்டா."