வலைக்கயிறு

"முடியாத பொண்ண வலைக்கயித்தால கட்டிப் போட்டுக்கீறா! பொண்ணுன்னு நெனச்சாளா, நாயின்னு நெனச்சாளா? துணிய எடு பூஜா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

விக்கிக்குக் கோபம் வந்தால் ஊரூர் குப்பம் முழுக்கக் கேட்கும். இன்று கடலுக்கே கேட்டிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை பூஜாவை அவள் மாமியார் வீட்டுக்கு இப்போதுதான் கூட்டி வந்தான். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டில் அவளைக் கட்டிப் போட்டிருந்ததை, பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் வாசலிலேயே ஒப்பித்துவிட்டாள்.

பூஜா மணிக்கட்டைப் பார்த்தாள். கறுத்துப்போன தழும்பு. எப்படி வந்தது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்த நாட்கள் எல்லாமே அப்படித்தான், தண்ணீருக்கடியில் கண் திறந்து பார்த்த மாதிரி ஒரே கலங்கல். மூளையில் அழற்சி என்றார் டாக்டர். "கிருமியை அடிக்க உடம்புல காவல்காரங்க இருக்காங்கம்மா. அவங்க ஆள் தெரியாம உன் மூளையையே அடிச்சிட்டாங்க. உன் மேல தப்பில்ல."

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு கனவு மட்டும் போக மாட்டேன் என்கிறது. விடியற்காலைக் கடல். தண்ணீரெல்லாம் பாலாக மின்னுகிறது. யாரோ அவள் பேரைச் சொல்லிப் பாடுகிறார்கள். காலடி மணல் பஞ்சாக இருக்கிறது. அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். பயமே இல்லை, அத்தனை சுகம்!

"அத்தை, நெஜமாவா? என்னியக் கட்டிப் போட்டீங்களா?"

மாமியார் அங்காளம்மாள் தலை நிமிரவில்லை. "ஆமா கண்ணு. கட்னேன்."

"ஏன்?"

அங்காளம்மாள் மாத்திரைகளை எண்ணிப் பொட்டலத்தில் போட்டாள். எங்க அத்தை மாதிரி வருமா என்று குப்பமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் பூஜாதானே! இனி இந்த வீட்டில் எப்படிக் கண்மூடித் தூங்குவது? புருஷன் கோபால் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். வந்தால் அங்கே வந்து பார்க்கட்டும். பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டா" என்று விக்கி அவள் சார்பில் அறிவித்தான்.

அங்காளம்மாள் மாத்திரைப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். "சாப்ட்ட பொறவு குடு நைனா. நடுவுல நிறுத்தக் கூடாதாம். தூங்கும்போது பக்கத்துல யாராச்சும் படுத்துக்கோங்க."

"கயிறு வேணாமா?"

விக்கி ஆட்டோ பிடிக்கப் போனான்.

கொடியில் கிடந்த பூஜாவின் துண்டை எடுக்க அங்காளம்மாள் கையைத் தூக்கினாள். முந்தானை விலகியது. இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம், அங்கங்கே இன்னும் ஆறாமல்.

"அத்தை! இடுப்புல இன்னா இது?"

சட்டென்று மூடிக்கொண்டாள். விக்கி வந்துவிடவில்லையே என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவா பேசு கண்ணு. தெனம் விடிகாலைல நீ எழுந்து கடலுக்குள்ள எறங்கப் போன. உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா நீ சாவப் பாத்தன்னு நெனைக்கும். ஊரும் காலத்துக்கும் அதையே பேசும். அதுக்கு என்னிய பேசிட்டுப் போவட்டும்."

"அப்ப இந்தக் காயம்?"

"எனக்குக் கண்ணு அசந்துட்டா இன்னா பண்றது? நீ போனா என்னியும் இழுத்துக்கினுதான் போவணும்னு, மறுமுனைய என் இடுப்புல கட்டிக்கினேன்."