வெளிறிய கீரை

பள்ளிச் சமையல்காரியின் மகள் ஊதினால் பறந்துவிடுவாள். அத்தனை சோகை.

ஆராய்ச்சிக்கார அம்மா இரண்டு கட்டுக் கீரையை மேடைமேல் வைத்தாள். ஒன்று செக்கச்செவேல் என்று இருந்தது. மற்றது வெளிறிப்போய், வேலியோரக் களை மாதிரி இருந்தது.

“ஒண்ணு சாதாரணக் கீரை. இன்னொண்ணு, பழைய நாட்டு ரகங்களைத் தேடிப் பிடிச்சு, கலந்து நாங்க உருவாக்கினது. இரும்புச்சத்து அதிகம். எது எதுன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்வேன். எந்தப் பிள்ளைக்கு எதுன்னு இந்தப் பட்டியல்ல இருக்கு, அதன்படி போடுங்க.”

பட்டியலில் மகளுக்கு வெளிறிய கீரை. அவளைப் போலவே சோகை பிடித்த தையல்காரி மகனுக்குச் சிவப்பு.

‘ரத்தம் ஊறச் சிவப்புதானே வேணும்? இதுக்குப் படிப்பு வேறயா?’ என்று நினைத்தாள் சமையல்காரி. காதும் காதும் வைத்த மாதிரி இருவர் கீரையையும் தினமும் மாற்றிப் போட்டாள்.

ஆறு மாதம் கழிந்தது. மகளுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. தையல்காரி மகன் அதே படிகளில் இரண்டிரண்டாகத் தாவினான்.

ஆராய்ச்சிக்கார அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள். வாயெல்லாம் பல்.

“வெளிறினதுதான் எங்க கீரை! நாளையிலேருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதுதான்.”

சமையல்காரியின் கரண்டி நழுவியது. போகட்டும், நாளையிலிருந்தாவது மகளுக்குக் கிடைக்கும்.

“உங்க பொண்ணைத் தவிர. ஆறு மாசம் சாப்பிட்டும் அவளுக்கு மட்டும் ரத்தம் இறங்கிடுச்சு. ஒத்துக்கலை. அவளுக்கு இனிமே சிவப்புதான்.”

“அம்மா, நானே பாத்துப் போடறேன்…”

“வேணாம். பெத்த மனசு கேக்காது, மாத்திப் போட்டுடுவீங்க. அவ தட்டைக் கவனிக்க நாளையிலேருந்து தையல்காரி வர்றாங்க.”