சைக்கிளில் காற்றில்லை

நாலாவது நாளாக அனுப்பிரியாவின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கி விட்டாள் ரோஜா.

டயர் வால்வின் மூடியைத் திருகி, கொண்டை ஊசியால் ஓர் அழுத்து. புஸ்ஸென்று காற்று இறங்க, அவள் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இறங்கியது.

இருவரும் ஒரே காம்பவுண்டு. போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும் வேலை. ஆனால் அனுப்பிரியாவுக்கு மட்டும் கியர் வைத்த மலைச் சைக்கிள்! ஜீப் ஓட்டும் அவள் அப்பா மொக்கச்சாமி, போடிமெட்டில் எஸ்டேட் முதலாளி மகனிடம் வாங்கி, ஜீப்பு மேலேயே கட்டி இறக்கிக்கொண்டு வந்தார்.

ரோஜா மூன்று வருடமாகக் கேட்கிறாள். "பஸ்சு ஓடுதுல்ல?" என்பதோடு சரி, அவள் அப்பா.

எட்டரை மணிக்கு மொக்கச்சாமி டயரை அமுக்கிப் பார்த்துக் கத்தினார்.

"நேத்துதானே ஆத்தா புது டியூப் போட்டேன்! நீ ஓட்டிட்டுப் போறதப் பாக்கத்தான் மொத ட்ரிப்ப முடிச்சு வெரசா ஓடியாந்தேன். எவனோ வேணும்னே பண்றான்."

"ஆமா மாமா" என்றாள் ரோஜா அவசரமாக. "பண்ணுனவன் கை வெளங்காமப் போக!"

அனுப்பிரியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். ரோஜாவும் கூடவே நடந்தாள்.

அனுப்பிரியாவின் முகத்தில் சிரிப்பு. காற்றுப் போன வண்டியைத் தள்ளுகிறவளுக்கு என்ன சிரிப்பு? ரோஜாவுக்கு அதுவும் எரிந்தது.

தெருமுனை திரும்பியதும் அனுப்பிரியா நொண்ட ஆரம்பித்தாள்.

"என்னடி கால்ல?"

பேண்ட்டை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். இரண்டு முட்டியிலும் காயம்.

"சீட்டை அடிவரைக்கும் இறக்கியாச்சு. அப்பவும் காலு எட்டல. நிறுத்தணும்னா விழணும். போன வாரம் எறக்கத்துல ஒரு லோடு லாரிக்கு முன்னாடியே விழுந்தேன். மயிரிழைல தப்பிச்சேன்."

"உங்கப்பாகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"எப்படிடி? 'எம் மக ஓட்டுறா பாரு'ன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டுறாரு. நானே காத்தப் புடுங்கிரலாம்னு ரெண்டு தடவ போனேன். அவரு தொடச்சுத் தொடச்சு வெச்ச வண்டி. கை வரல."

ரோஜாவின் நடை தளர்ந்தது.

"அதனால அந்தக் கையத் திட்டாத. நல்லா இருக்கட்டும்" என்றாள் அனுப்பிரியா.

"யா... யாரு கைன்னு தெரியுமா?"

"மொத நாளே ஜன்னல் வழியாப் பாத்துட்டேன்."

ரோஜா நின்றுவிட்டாள். தலை நிமிரவில்லை.

அனுப்பிரியா அவள் தோளில் கை போட்டாள்.

"நாளைக்கு அப்பாவுக்கு மொத ட்ரிப்பு கெடையாது, வீட்லதான் இருப்பாரு. அவரு எந்திரிக்கிறதுக்குள்ள வெள்ளனவே வந்து புடுங்கிட்டுப் போயிரு. மாட்டிக்கிராதடி!"