அறுந்த இழை

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பிடரியில், பவளம், தாயம் என்று இரண்டு தோல் செல்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. ஒரு நாள் சித்திரை வெயில் உள்ளே புகுந்து, இரண்டின் மரபணு இழையையும் அறுத்துவிட்டது.

இரண்டும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இழையைத் தைக்க உட்கார்ந்தன. பவளத்துக்கு ஓரிடத்தில்தான் அறுந்திருந்தது. சீக்கிரமே தைத்து முடித்தது. தாயத்துக்கோ ஒரு பக்கம் தைத்தால் மறுபக்கம் பிரிந்தது.

"தைத்தவரை போதும் அக்கா, இப்படியே இருந்துவிடேன். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றது பவளம்.

"இருக்கலாம். ஆனால் எனக்குப் பிறப்பதெல்லாம் இந்தக் கிழிசலோடுதான் பிறக்கும். நிறுத்தத் தெரியாமல் பெருகும். உன் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்."



தாயம் பதற்றமில்லாமல் தன் உடலைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டியது. "உள்ளே நல்ல சத்து இருக்கிறது. வீணாக்காமல் சாப்பிடு" என்றது. அதற்குப் பிறகு அது பேசவில்லை.

பவளம் அழுதபடியே ஒவ்வொரு மூட்டையாகச் சாப்பிட்டது. உடம்பில் தெம்பு வந்ததும் அது இரண்டாகப் பிரிந்தது.

புதிதாகப் பிறந்த செல் சுற்றிலும் பார்த்தது. "இவ்வளவு இடமும் யாருக்கு?"

"உனக்குத்தான். நன்றாகச் சாய்ந்து உட்கார்" என்றது பவளம்.