பாட்டிலில் அடைத்த காற்று

மைசூர்க் கல்லூரி ஒன்றின் கூடத்தில், போட்டி ரோபோக்களைச் சோதிக்கும் மேசை முன்னால் வைஷாலி நிற்கிறாள். சன்னல் வழியே வரும் காலை வெயில், ரோபோவின் முதுகில் கட்டிய சோடா பாட்டிலில் பட்டு மினுங்குகிறது. நேற்றுச் சாயங்காலம் அவள் அணியில் இருந்த தருண்குமார் சைக்கிள் பம்பால் வேர்க்க விறுவிறுக்க அடித்த காற்று அதில் இருக்கிறது. அடித்த கையோடு புனே வேலைக்கு ரயிலேறிவிட்டான். சொல்ல வேண்டியதை இருவருமே சொல்லவில்லை. சோதிக்க வந்த லீலா மேடம் ரோபோ எந்தெந்தச் சக்தியில் இயங்கலாம் என்ற பட்டியலில் விரலை ஓட்டுகிறார். "பேட்டரி சரி. இழுத்துக் கட்டின ரப்பர், தூக்கி வெச்ச எடை, அதுவும் சரி. காத்துன்னா முத்திரை போட்ட டேங்க்லதாம்மா. பாட்டில் ஆகல்ல, கூடாது." தேவராஜ மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்காரர் மகள் வைஷாலி அதற்குள் விட்டுவிடுவாளா? "பாதிக் காத்த எறக்கிடறேன் மேடம்." "பேரம் பேசினா பாட்டில் வெடிக்காதா? டேங்க் நாங்க தர்றோம், புதுசா அடிச்சுக்கோ. இல்லேன்னா போட்டி இல்ல." அணித் தோழன் கிரண் கன்னடம் கலந்த தமிழில் அவசரப்படுத்துகிறான். "சும்னே தொற வைஷு, எல்லாக் காத்தும் ஒண்ணுதான்." மண்டியில் இப்படிச் சொல்பவன் தலையில்தான் சொத்தைக் குலையைக் கட்டுவார்கள். வைஷாலி குனிந்து வால்வின் ஊசியை நகத்தால் அழுத்துகிறாள். சீறி வரும் காற்று நெற்றி முடியைப் பின்னால் தள்ளுகிறது. வரிசையில் நிற்கும் அணிகள் முனகுகின்றன. அவளோ நகத்தைச் சற்றே தளர்த்தி, மெல்ல வரட்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.