இடது பக்கத்துப் பட்டன்

"இந்த ரகசியத்தைச் சொன்னவன் மட்டும் எங்கிட்ட சிக்கட்டும். ரெண்டு கையையும் ஒரே பக்கமா வெச்சு ஒரு சட்டை தைச்சு மாட்டி விடுறேன்!"

மாஸ்டர் கத்திய கத்தலில் அடுக்களையில் கரண்டி விழுந்தது. டிவி திரையில் நரிமுகமூடி போட்ட வாள்காரி மல்லாந்து கிடந்தாள். அவளைச் சாய்த்த கல்பூதம் மார்பில் தட்டிக்கொண்டு சிரித்தது. காலையிலிருந்து இதே சிரிப்புதான்.

மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் அது. அப்பாவும் மகளும் ஒன்று விடாமல் சேர்ந்து பார்த்த ஜப்பான் கார்ட்டூன் தொடரை வைத்துச் செய்தது. தொடரில் அந்தப் பூதத்தை வாள்காரி ஒரே வீச்சில் முடித்துவிடுவாள். மாஸ்டரிடம் வந்தால் மட்டும் அவளுக்கு என்ன கேடோ!

கேடு அவளுக்கில்லை, தன் இடது கைக்குத்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவர், பிறவியிலேயே இடக்கைக்காரர். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, அந்தக் கை இரவல் வாங்கிய சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

அவருக்கென்றே செய்த இடக்கைக் கத்தரிக்கோல் எதிரே ஆணியில் தொங்கியது. அதை வேறு யாராலும் பிடிக்க முடியாது. இப்போது அவராலும் முடியவில்லை. "கை சரியானதும் வாங்க, உங்க மேசை உங்களுக்குத்தான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் ஓடுகிற ஆலையில் ஒரு மேசை எத்தனை நாள் சும்மா கிடக்கும்?

அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை வந்த அன்றே ஜன்னல் வழியாக வீசிவிட்டார். "பந்து விளையாடுற வயசா எனக்கு?" என்று கேட்டார். பந்து விளையாடும் வயதைத் தாண்டியவருக்குப் பூதத்தோடு விளையாடும் வயது மட்டும் எப்படியோ மிச்சமிருந்தது.

மனைவி போனும் கையுமாக வந்து நின்றாள். கேம் ரகசியம் சொல்லும் யாரோ ஒருவனின் வீடியோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்தவள் அவள்தான்.

"மறுபடியும் சொல்றேன், நல்லா கேளுங்க. இடது பக்கத்துப் பட்டனை மெதுவா அமுக்கணும். மூச்சை இழுத்து விடுற வரைக்கும் அப்படியே பிடிக்கணும். அப்புறம் மெதுவா விடணும். அமுக்க அமுக்கத்தான் வாள்ல நெருப்பு ஏறுமாம்."

"அதைத்தானே நானும் நாள் பூரா பண்றேன்? வலது கையைக் குடுத்தா ஒரு நொடியில அமுக்கிடுவேன்."

"வலது கையால அமுக்கினா கணக்குல சேராதாம்."

"எது எந்தக் கைன்னு இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"ஜப்பான்காரன் செஞ்சது. அவனுக்குத் தெரியாதா?"

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். விரல் நடுங்கியது, நெற்றி வியர்த்தது. நெருப்பு ஏறவில்லை. பூதம் மறுபடியும் சிரித்தது.

"எல்லாம் வெத்துவேட்டு! கட்டைவிரல் விண்ணு விண்ணுன்னு வலிச்சதுதான் மிச்சம்!"

மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டாள். மாஸ்டருக்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். கேம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"ஏன் மாமா அந்தப் பட்டனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

"வாள்ல நெருப்பு ஏத்துறேன்டா."

மச்சினன் சிரித்த சிரிப்புக்குப் பூதத்தின் சிரிப்பே தேவலாம். "அது மேப் காட்டுற பட்டன் மாமா! சண்டை நேரத்துல அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. பூதம் வாயைத் திறக்கிறப்போ வலது பக்கம் ரெண்டு தட்டு. அவ்வளவுதான் விஷயம்."

கன்ட்ரோலரை வாங்கினான், தட்டினான். பூதம் பொலபொலவென்று சரிந்து விழுந்தது.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலையில்லாத பட்டனை, வேலைக்காகாத கையால், வேலை மெனக்கெட்டு அமுக்கியிருக்கிறார்! அவமானத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கன்ட்ரோலரை வெடுக்கென்று வாங்கி வலது கையில் இறுக்கிப் பிடித்தபடி அடுக்களைக்குள் பாய்ந்தார்.

"எவன் அந்த வீடியோ போட்டவன்? காட்டு! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி அவனை நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்!"

மனைவி போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவர் எட்டிப் பிடுங்கிப் பார்த்தார். திரையில் வீடியோ எதுவும் இல்லை. மகளின் புகைப்படம்தான் இருந்தது.

"எங்க அவன்?"

"அப்படி ஒருத்தனும் கிடையாதுங்க. ரகசியமும் கிடையாது. எல்லாம் நானா அளந்து விட்டதுதான்."

"பொய்யா? முடியாதவனை உட்கார வெச்சு இப்படியா ஏமாத்துவ? உனக்கே நல்லா இருக்கா?" போனை அவள் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல, போனை எந்தக் கையில பிடிச்சிருக்கீங்கன்னு பாருங்க."